கல்லில் நாலாவது பேர்

பிரிசில்லா: கத்திய கீழ வைங்கண்ணா. மொதல்ல ஃபோட்டோ எடுத்துக்கறேன்.

தமிழ்வேந்தன்: இன்னும் எத்தினி ஃபோட்டோ டீச்சர்? பொண்ணு பாக்க வந்த மாதிரி முன்னால, பின்னால, பக்கவாட்டுலன்னு எடுத்துனே இருக்கீங்க. ஒத்தக் கால் பூட்ஸு இது.

பிரிசில்லா: பிரிச்சிட்டா பிரிச்சதுதானே. அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சின்னு நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்.

தமிழ்வேந்தன்: யாராண்ட சொல்றீங்க? நீங்க உக்காந்துனு இருக்கற எடம் ஆம்பூர் ஷூ கம்பெனியோட சாம்பிள் ரூம். ஜெர்மன்காரன் அனுப்பற ஷூவ பீஸ் பீஸா பிரிச்சி, மறுபடி தெச்சி, அவனாண்டயே குடுத்தா அவனுக்கே அடையாளம் தெரியாது.

பிரிசில்லா: அதான் உங்களத் தேடி வந்தேன்.

தமிழ்வேந்தன்: என்னத் தேடியா? எங்கப்பா தொட வுட மாட்டாருன்னு தெரிஞ்சி வந்தீங்க.

பிரிசில்லா: சரி, அதுவுந்தான்.

தமிழ்வேந்தன்: கண்ணாடிப் பொட்டியில வைக்கறதுக்கு முன்னாடி பாலீஷ் போட்டுத் தரேன்னு அப்பாவாண்ட ஒரு பொய். லீவு நாள்ல சாம்பிள் ரூம் தொறக்க கேட்ல சர்தார் பாஷா பாயாண்ட இன்னொரு பொய். உங்களால இன்னிக்கு ரெண்டு ஆச்சி.

பிரிசில்லா: பாவம் எனக்கே வரட்டும். ம்... ஃபோட்டோ முடிஞ்சிது. எடுங்க கத்திய.

தமிழ்வேந்தன்: இருங்க, இருங்க. கைய வைக்கறதுக்கு முன்னாடி கடசியா ஒரு தபா கேட்டுக்கறேன். எங்க கொள்ளுத் தாத்தா சின்னப்பையன் மேல உங்களுக்கு இன்னா அவ்ளோ சந்தேகம்?

பிரிசில்லா: அவர் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. நாளைக்கு காலையில கல்லுல வெட்டப் போற பேர் மேலதான்.

தமிழ்வேந்தன்: ரெண்டும் ஒண்ணுதானே?

பிரிசில்லா: இல்லண்ணா. பழைய சாவடிய இடிச்சப்ப சுவத்துக்குள்ள ஒரு வெள்ளக் கல்லு வந்துச்சில்ல... அதுல என்ன எழுதிருந்துச்சி?

தமிழ்வேந்தன்: ஊருக்கே மனப்பாடம் அது. இந்த ஊர்லேர்ந்து பெரிய யுத்தத்துக்குப் பதினேழு பேர் போனாங்க, அதுல நாலு பேர் உயிரக் குடுத்தாங்க. மொத உலகப் போர் முடிஞ்சி வெள்ளக்காரன் பதிச்ச கல்லு.

பிரிசில்லா: பேர்?

தமிழ்வேந்தன்: பேர் இல்ல. நம்பர் மட்டுந்தான்.

பிரிசில்லா: பேர் இல்லாத கல்லுக்குப் பக்கத்துல பேர் வெட்டுன கருங்கல்லு வைக்கறோம்னு கமிட்டி போட்டீங்க. தலைவர் உங்கப்பா. போருக்குப் போனவங்கள பத்தி நாலு வரி எழுதிக் குடுங்கன்னு ஸ்கூலுக்கு வந்து என்னக் கேட்டதும் அவருதான். கீழ என் பேரும் வருமாம். வரலாறு ஆசிரியை பிரிசில்லா.

தமிழ்வேந்தன்: பெருமதானே டீச்சர்?

பிரிசில்லா: பெருமதான். அதான் தப்பா எழுத மாட்டேங்கறேன். செத்த நாலு பேர் யாருன்னு எப்படி முடிவு பண்ணீங்க?

தமிழ்வேந்தன்: ஊர்ல வூடு வூடா கேட்டோம்.

பிரிசில்லா: எந்தத் தெருவுல?

தமிழ்வேந்தன்: பெரிய தெரு, கீழத்தெரு, கோயில் தெரு... மூணு தெருவும்தான்.

பிரிசில்லா: காலனியில?

தமிழ்வேந்தன்: காலனி ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குது டீச்சர். ஊருன்னு சொன்னா...

பிரிசில்லா: ஊருன்னு சொன்னா உங்களுக்கு மூணு தெரு. கல்லு வெச்சவனுக்கு முழு கிராமம். ரோட்டுக்கு இந்தாண்ட, அந்தாண்டன்னு அவன் பிரிச்சி எண்ணிருக்க மாட்டான். சரி, போனவங்க பதினேழுல உங்களுக்கு எத்தன பேர் தேறுச்சி?

தமிழ்வேந்தன்: பன்னெண்டு.

பிரிசில்லா: மீதி?

தமிழ்வேந்தன்: மறந்து போச்சின்னு வுட்டுட்டாங்க.

பிரிசில்லா: மறந்து போவல. கேக்கல. நான் ரெண்டு மாசமா கேட்டுனு இருக்கேன். காலனியில அஞ்சு வூட்ல ஆள் போயிருக்காங்க. காயம்பட்டவங்கள தூக்கறது, ரோடு போடறதுன்னு.

தமிழ்வேந்தன்: பன்னெண்டும் அஞ்சும்... அட, பதினேழு!

பிரிசில்லா: அங்கதான் எனக்கே சிலுத்துப் போச்சி. கல்லு சரியாத்தான் சொல்லிருக்குது. அந்த அஞ்சு பேர்ல நாலு பேர் திரும்பி வந்தாங்க. சவுரிமுத்துன்னு ஒருத்தர் வரல.

தமிழ்வேந்தன்: வாய்வார்த்ததானே டீச்சர்? எங்க ஊட்லயும் அதான் சொன்னாங்க. எங்களுக்கு ஒரு நியாயம், அவங்களுக்கு ஒரு நியாயமா?

பிரிசில்லா: கேக்கணும், நீங்க இப்படித்தான் கேக்கணும். இந்தாங்க. பாத்துப் புடிங்க, கனம் ஜாஸ்தி.

தமிழ்வேந்தன்: இன்னாது இது... தட்டா? வெங்கலமா? யப்பா... ஊறுகா வாசன வருது!

பிரிசில்லா: நாரத்தங்கா. இருவது முப்பது வருசமா ஜாடிக்கு மூடியா இருந்துச்சி.

தமிழ்வேந்தன்: ஒரு அம்மா நிக்குது. பக்கத்துல சிங்கம். மாரியாத்தாவா?

பிரிசில்லா: அந்த வூட்லயும் அப்படித்தான் நெனச்சாங்க. மொதல்ல மாதா படத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்களாம். பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தப்ப, மாதாவுக்கு ஏது சிங்கம்னு கேட்டுட்டாரு. இந்து சாமி போலன்னு பயந்து பீடத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. தூக்கிப் போடவும் மனசு வரல. ஜாடி மேல வெச்சிட்டாங்க.

தமிழ்வேந்தன்: சிரிக்கறதா அழறதா?

பிரிசில்லா: அது இங்கிலாந்து நாட்டுக்கு அவங்க குடுத்த பொம்பள உருவம். போர்ல செத்தவங்க குடும்பத்துக்கு மட்டும் இந்தத் தகடு அனுப்புனாங்க. ஓரத்துல கட்டம் மாதிரி இருக்கு பாருங்க, அதுல படிங்க.

தமிழ்வேந்தன்: இங்கிலீஷ்ல... சவுரிமுத்து. அவ்ளோதானா? பட்டாளத்து நம்பர், பதவி ஒண்ணும் இல்லியே?

பிரிசில்லா: வேணும்னேதான் போடல. ஜெனரலா இருந்தாலும் கூலியா இருந்தாலும் வெறும் பேர். இந்தத் தகட்டுல ரோடு இல்ல பாத்தீங்களா, இந்தாண்ட அந்தாண்டன்னு?

தமிழ்வேந்தன்: குத்தாதீங்க டீச்சர். புரியுது.

பிரிசில்லா: புரிஞ்சா கணக்க நீங்களே சொல்லுங்க. உங்க மூணு தெருவுல செத்தவங்க நாலு. சவுரிமுத்து சேந்தா?

தமிழ்வேந்தன்: அஞ்சு.

பிரிசில்லா: கல்லு?

தமிழ்வேந்தன்: நாலுன்னுது... அப்ப கல்லு தப்பா இருக்கலாம்ல?

பிரிசில்லா: இருக்கலாம். பதினேழு சரியா வந்ததால நாலும் சரியா இருக்கும்னு நெனக்கறேன், அவ்ளோதான். அதனால மத்த மூணு பேர் வூட்டுக்கும் போனேன். பெரிய தெருவுல ரெண்டு வூட்லயும் இதே தகடு இருக்கு. கீழத்தெருவுல அவங்க அத தராசுக்குப் படிக்கல்லா வெச்சிருந்தாங்களாம், இப்ப இல்ல, ஆனா அந்த வூட்டுப் பழைய ஃபோட்டோவுல பின்னாடி நல்லாத் தெரியுது. உங்க வூட்ல?

தமிழ்வேந்தன்: நான் பாத்ததில்ல. தொலைஞ்சி போயிருக்கலாம்.

பிரிசில்லா: தொலைஞ்சி போயிருக்கலாம். இல்லாததையே சாட்சியா வெச்சி நான் பேச மாட்டேன். உங்க வூட்ல இருக்கறது என்ன?

தமிழ்வேந்தன்: இந்த பூட்ஸு.

பிரிசில்லா: அதான் வந்தேன். இப்ப எடுங்க கத்திய.

தமிழ்வேந்தன்: எங்க வூட்டுக்குப் பேரே பஸ்ராக்காரர் வூடு டீச்சர். அரபு நாட்டுல பஸ்ரா யுத்தத்துல செத்தவரோட வம்சம்னு. பள்ளிகொண்டாவுலேர்ந்து எங்க தங்கச்சிக்குப் பொண்ணு கேட்டு வந்தவங்க கூட அந்தப் பேரத்தான் விசாரிச்சினு வந்தாங்க. நான் கத்திய வெச்சேன்னு வைங்க...

பிரிசில்லா: வேணாம்னா விட்டுடுங்க.

தமிழ்வேந்தன்: வுட்டா?

பிரிசில்லா: நான் எழுதித் தர மாட்டேன். நாளைக்கு கல்லாண்ட போய் நிப்பேன். கமிட்டி என்னத் தாண்டித்தான் வெட்டணும்.

தமிழ்வேந்தன்: நின்னாலும் நிப்பீங்க. தள்ளுங்க கொஞ்சம், வெளிச்சத்த மறைக்காதீங்க... அடியில டயரு போட்டிருக்கறது எனக்கு முன்னாடியே தெரியும். பட்டாளத்து பூட்ஸுக்கு அடியில கனமான தோலும் இரும்பு ஆணியும்தான் இருக்கும். இது பின்னால தேஞ்சி, வண்டி டயர வெட்டி அடிச்சது.

பிரிசில்லா: உங்கப்பாவாண்ட கேக்கலயா?

தமிழ்வேந்தன்: சின்ன வயசுல கேட்டேன். சாவு சேதியோட சர்க்கார் அனுப்புன பூட்ஸுன்னாரு. சர்க்காரு ஏம்பா ஒத்தக் கால் மட்டும் அனுப்புச்சின்னேன். பெல்ட்ட கழட்டிட்டாரு. அதோட வுட்டேன்.

பிரிசில்லா: டயர் எப்ப அடிச்சதுன்னு சொல்ல முடியுமா?

தமிழ்வேந்தன்: வெளிய பாத்தா முடியாது. ஆணிய ஒண்ணொண்ணா... வா... வா... துரு புடிச்சி உக்காந்துனு இருக்குது. இத அடிச்சவன் கெட்டிக்காரன்தான். ஆ! வந்துச்சி.

பிரிசில்லா: மெதுவா!

தமிழ்வேந்தன்: கொழந்த பல்லு மாதிரிதான் எடுக்கறேன், பயப்படாதீங்க... இந்தாங்க, கழண்டுச்சி. உள்பக்கம் எழுத்து இருக்குது டீச்சர்! டயரோட எழுத்து. வெளிய தெரியக் கூடாதுன்னு உள்ள திருப்பி அடிச்சிருக்கான்.

பிரிசில்லா: பிரஷ்ஷு குடுங்க... தூசி... ஐ, என்... அடுத்து ஐ, என், டி... முழுசா படிங்க.

தமிழ்வேந்தன்: மேடு இன்... மேடு இன் இந்தியா.

பிரிசில்லா: நகருங்க, இத ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்.

தமிழ்வேந்தன்: இத இன்னாத்துக்கு? எல்லா டயர்லயும்தான் இருக்கும்.

பிரிசில்லா: இப்ப இருக்கும். இந்தியாவுல டயர் செய்யற கம்பெனி மொத மொத வந்ததே முப்பத்தஞ்சு, முப்பத்தாறு வாக்குலதான். உங்க கொள்ளுத் தாத்தா எப்ப செத்தாருன்னு சொல்றீங்க?

தமிழ்வேந்தன்: பதினெட்டுல.

பிரிசில்லா: அவர் செத்து பதினெட்டு வருசம் கழிச்சி அவர் பூட்ஸுக்கு டயர் அடிச்சது யாரு?

தமிழ்வேந்தன்: இருங்க. அவசரப்படாதீங்க. அவர் பூட்ஸ வேற யாராவது போட்டிருக்கலாம்ல? எங்க தாத்தா போட்டிருக்கலாம். அப்பன் பூட்ஸ புள்ள போடறது தப்பா?

பிரிசில்லா: தப்பில்ல. நல்ல கேள்வி அது. எனக்குப் பதில் தெரியாது. யாரு போட்டாங்கன்னு பூட்ஸுல தெரியுமா?

தமிழ்வேந்தன்: தெரியும்.

பிரிசில்லா: எப்படி?

தமிழ்வேந்தன்: தெனம் இதான் எங்க வேல. ஷூ போட்டுப் பாக்கறவன் கால் எப்படி உக்காருதுன்னு உள்தோலப் பாத்தே சொல்லிடலாம். வேர்வையில தோலு ஊறி, காலு மாதிரியே குழி உழுந்துடும். ஆளுக்கு ஆள் வேற. ஆனா...

பிரிசில்லா: ஆனா?

தமிழ்வேந்தன்: பாக்கணுமான்னு யோசிக்கறேன்.

பிரிசில்லா: யோசிங்க. நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.

தமிழ்வேந்தன்: வேணாம், இங்கயே இருங்க. தனியா வுட்டா திருப்பி ஒட்டிடுவேன்... டார்ச்ச அடிங்க. இன்னும் உள்ள. ம். உள்தோலு ரெண்டு இருக்குது. மேல இருக்கறது பிற்பாடு போட்டது. மஞ்சளா இருக்கு பாருங்க, ஆவாரம் பட்டையில பதம் பண்ண தோலு. இது நம்ம பக்கத்துத் தோலு டீச்சர். சீமையில வந்ததில்ல.

பிரிசில்லா: டயர் அடிச்சப்பவே போட்டதா?

தமிழ்வேந்தன்: ஆமா, அதே ஆணி. இதுல கால் குழி... குதி இங்க. கட்ட வெரலு. ரெண்டு, மூணு, நாலு...

பிரிசில்லா: அஞ்சு?

தமிழ்வேந்தன்: இல்ல.

பிரிசில்லா: தேஞ்சி போயிருக்குமா?

தமிழ்வேந்தன்: தேஞ்சா குழிதான் ஆவும், மேடா இருக்காது. இங்க தோலு புதுசு மாதிரி மேடா இருக்குது. இந்த எடத்துல வெரலே பட்டதில்ல. எடது கால்ல சுண்டுவெரல் இல்லாத ஆளு.

பிரிசில்லா: உங்க தாத்தாவுக்கு?

தமிழ்வேந்தன்: பத்து வெரலும் இருந்துச்சி. நான்தான் நகம் வெட்டி வுடுவேன்.

பிரிசில்லா: சின்னப்பையனுக்கு அந்த வெரல் இல்லாம இருந்துச்சா?

தமிழ்வேந்தன்: அது எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. அடியில பழைய தோலு இருக்குதே... பட்டாளத்துல குடுத்தப்ப இருந்த தோலு. அதப் பாத்தா...

பிரிசில்லா: பாருங்க.

தமிழ்வேந்தன்: கட்ட வெரலு. ரெண்டு. மூணு. நாலு.

பிரிசில்லா: அவ்ளோதானா?

தமிழ்வேந்தன்: நாலுதான் டீச்சர். அதே காலு. பட்டாளத்துல மாட்டுனவனும் டயர் போட்டு நடந்தவனும் ஒரே ஆளு... திரும்பி வந்திருக்காரு.

பிரிசில்லா: அண்ணா... தண்ணி குடிங்க.

தமிழ்வேந்தன்: வந்தவரு ஏன் வூட்டுக்கு வரல? எங்க தாத்தா தகப்பன் மூஞ்சியே தெரியாம வளந்தாருன்னு சொல்வாங்க. நம்ம பக்கத்துத் தோலு போட்டு நடந்துனு இருந்திருக்காரு, நம்ம பக்கத்துலயே! பட்டாளத்த வுட்டு ஓடியாந்தவரா? வேற பொம்பளையோட...

பிரிசில்லா: நிறுத்துங்க. அது எதுவும் பூட்ஸுல இல்ல. வந்தாருன்னு மட்டும்தான் இருக்கு. அதுக்கு மேல ஒரு வார்த்த நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.

தமிழ்வேந்தன்: அப்பாவாண்ட எப்படி சொல்றது? எம்பது வயசு. ஞாயித்துக்கெழம தொறப்பு விழாவுக்குப் போடறதுக்கு வேட்டி சட்ட எடுத்து வெச்சினு... ஷ்ஷ்! யாரோ வர்றாங்க.

பிரிசில்லா: வாட்ச்மேன் பாயா இருக்கும்.

தமிழ்வேந்தன்: இல்ல. இந்த இருமல் எனக்குத் தெரியும். டயர மறைங்க, டயர மறைங்க!

பிரிசில்லா: மறைக்க மாட்டேன்.

கோவிந்தசாமி: ஏன்டா, ஒத்த பூட்ஸுக்கு பாலீஷ் போட ஒரு பகல் பூரா வேணுமா? கமிட்டியில பொட்டி வந்து நிக்கு... இன்னாடா இது?

தமிழ்வேந்தன்: அப்பா... வந்து...

கோவிந்தசாமி: யாரு பிரிச்சது? எவன் கை வெச்சது இதுல?

பிரிசில்லா: நான்தான் பிரிக்கச் சொன்னேன் ஐயா. திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க.

கோவிந்தசாமி: டீச்சரம்மாவா... உன்ன நாலு வரி எழுதச் சொன்னா எங்க பாட்டன் பூட்ஸ அறுத்துப் போட்டுனு உக்காந்துனு இருக்கியா?

தமிழ்வேந்தன்: அப்பா, உள்ள பாத்தோம். அவர் பஸ்ராவுல சாவல. பல வருசம் கழிச்சி இந்த பூட்ஸ இங்க போட்டுனு நடந்திருக்காரு. டயருல...

கோவிந்தசாமி: வாய மூடு! நூறு வருசமா ஊரே சொல்றது பொய்யி, ஒரு டயர் துண்டு சொல்றது நெசமா?

பிரிசில்லா: டயர் மட்டும் இல்லங்க ஐயா. இந்தத் தகடும் இருக்கு. காலனியில சவுரிமுத்துன்னு ஒருத்தர் செத்திருக்காரு. கல்லுல நாலாவது ஆளு அவரு.

கோவிந்தசாமி: ஓ... காலனிக்காக வந்துகீறியா? உனக்கு இதுல இன்னாம்மா? நீ ஜோலார்பேட்டதான?

பிரிசில்லா: எங்கப்பா ரயில்வேயில இருந்தாரு, ஜோலார்பேட்டையில. அம்மா இந்தக் காலனிதான்.

கோவிந்தசாமி: யார் வூடு?

பிரிசில்லா: சவுரியம்மாள் பேத்தி.

கோவிந்தசாமி: தொட்டியாண்ட வூடு சவுரியம்மாவா?

பிரிசில்லா: ஆமாங்க. சவுரிமுத்து எங்க ஆயாவுக்குப் பெரியப்பா. அவர் போன பின்னாடி பொறந்ததால அவர் பேர வெச்சாங்க.

தமிழ்வேந்தன்: அப்ப ஊறுகா ஜாடி உங்க வூட்டுதா? டீச்சர்! இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?

பிரிசில்லா: சொல்லிருந்தா கத்திய எடுத்திருப்பீங்களா? சொந்தக்காரருக்காக அடிச்சிக்கறான்னு அனுப்பிருப்பீங்க. பூட்ஸ பிரிச்சது நீங்க. உள்ள படிச்சதும் நீங்க. நான் டார்ச்சுதான் அடிச்சேன். என் சொந்தம்ங்கறதால அந்த அஞ்சாவது வெரல் குழி வந்துடுமா, போயிடுமா?

தமிழ்வேந்தன்: அது வராது...

கோவிந்தசாமி: இன்னாடா, அவளுக்குத் தலையாட்டற? சரிம்மா, படிச்சவதான நீ. பதில் சொல்லு. உசுரோட வந்தவன் ஏன் வூட்டுக்கு வரல? பொண்டாட்டி இருந்தா, கைக்கொழந்த இருந்துச்சி. ஏன் வரல?

பிரிசில்லா: தெரியாதுங்க ஐயா.

கோவிந்தசாமி: தெரியாதா!

பிரிசில்லா: கல்லு அதச் சொல்லல. தகடு சொல்லல. பூட்ஸும் சொல்லல. தெரியாதத நான் எழுத மாட்டேன். ஆனா அவர தப்பானவருன்னும் எழுத மாட்டேன், யாரையும் எழுதவும் விட மாட்டேன்.

கோவிந்தசாமி: பேர எடுத்துட்டு அப்புறம் இன்னாத்த எழுதறது?

பிரிசில்லா: பேர எடுக்கச் சொன்னது யாரு? பதினேழு பேரும் வரணும்னுதான் கேக்கறேன். உயிர் குடுத்தவங்க நாலு பேர் ஒரு பக்கம். திரும்பி வந்தவங்க பதிமூணு பேர் ஒரு பக்கம். அவர் பேரு அங்க வரும்.

கோவிந்தசாமி: எங்க?

பிரிசில்லா: திரும்பி வந்தவங்க பக்கத்துல.

கோவிந்தசாமி: திரும்பி வந்தாருன்னே வெட்டுவியா? எழுத்துல?

பிரிசில்லா: திரும்பி வந்தவர்கள்னு மேல தலைப்பு. கீழ பேரு.

கோவிந்தசாமி: கல்ல எங்க வைக்கறாங்க? சாவடி எடத்துலதான?

பிரிசில்லா: அதே எடம். ஊர் நடுவுல.

கோவிந்தசாமி: எவனாவது வந்து அழிச்சிட்டா?

பிரிசில்லா: கருங்கல்லுங்க ஐயா. அழிக்க வந்தா நான் இருக்கேன்.

கோவிந்தசாமி: ...வெட்டச் சொல்லு.

தமிழ்வேந்தன்: அப்பா?

கோவிந்தசாமி: அந்தப் பக்கத்துல மொதப் பேரா வெட்டச் சொல்லு. இந்தப் பக்கத்துல சவுரிமுத்து பேர வெட்டச் சொல்லு. கமிட்டியில எவன் கேட்டாலும் என்னாண்ட அனுப்பு.

தமிழ்வேந்தன்: இவ்ளோ நேரம் குதிச்ச... இப்ப ஒரு வார்த்தையில... உனக்கு... உனக்கு முன்னாடியே தெரியுமா?

கோவிந்தசாமி: அந்த பூட்ஸ என் கையில குடுத்ததே அவருதான்டா.

பிரிசில்லா: ஐயா... நீங்க சொல்றத ஃபோன்ல பதிவு பண்ணிக்கட்டுமா?

கோவிந்தசாமி: பண்ணிக்க. தெரிஞ்சவங்கல்லாம் போய்ட்டாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கி... கூடப் போன கீழத்தெரு ஆளு ஒருத்தன் முன்னாடி வந்துட்டான். பஸ்ராவுல ஆஸ்பத்திரி கூடாரத்துல காலராவுல போய்ட்டாரு, துணி மூடிக் கெடந்தாரு, என் கண்ணால பாத்தேன்னான். அவனும் பொய் சொல்லல. மூடித்தான் கெடந்தாராம். பொணம்னு நெனச்சிட்டான்.

தமிழ்வேந்தன்: அத நம்பி...

கோவிந்தசாமி: நம்பி எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க. எங்க ஆயா குப்பம்மாவுக்கு வளையல ஒடச்சி, தாலிய எறக்கி, வெள்ளயக் கட்டி வுட்டாங்க. பதினாறாம் நாள் கருமாதி ஆயிடுச்சி. அதுக்கப்புறம் ஒரு வருசம் கழிச்சி மனுசன் நடந்து வர்றாரு.

பிரிசில்லா: ஐயோ...

கோவிந்தசாமி: ஏரிக்கரையிலயே நிறுத்திட்டாங்க. கருமாதி முடிஞ்சவன் உள்ள வந்தா ஊருக்கு ஆவாது, மழ பெய்யாது, ஆடு மாடு தங்காதுன்னு பெரியவங்கல்லாம் கூடி நின்னுட்டாங்க. ரா முழுக்க கரையில உக்காந்திருந்துட்டு, விடியறப்ப ஆம்பூருக்கு நடந்து போய்ட்டாரு. தோல் மண்டியில சுண்ணாம்புக் குழி வேல, பச்சத் தோல ஊறப் போட்டு மயிர எடுக்கறது. சாவற வரைக்கும் அங்கதான்.

தமிழ்வேந்தன்: ஆயா போயிருக்கலாம்ல அவராண்ட?

கோவிந்தசாமி: போறேன்னுதான் சொல்லுச்சாம். வெள்ள கட்டுனவ ஒரு ஆம்பள கூடப் போய் இருந்தா ஊரு இன்னா பேரு வெக்கும்? கையில இருந்த புள்ளைய எந்தத் தெருவுல சேப்பாங்க? அதனால சோறு மட்டும் ஆக்கிக் குடுத்தனுப்பும். மொதல்ல எங்கப்பா எடுத்துனு போவாரு. அப்புறம் நானு.

பிரிசில்லா: உங்க அப்பாவுக்கு அவர் முகம் தெரியாதுன்னு...

கோவிந்தசாமி: ஊருக்காக சொன்னது அது. வாரா வாரம் பாத்தவரு... நான் போனா மடியில உக்கார வெச்சிப்பாரு. கை பூரா சுண்ணாம்பு தின்னு வெடிச்சிருக்கும், அதால என் மூஞ்சியத் தொட மாட்டாரு. இன்னொரு பூட்ஸு சுண்ணாம்புல அரிச்சிப் போச்சி. இத மட்டும் தொடச்சிக் குடுத்து, என்னால வர முடியல, இதையாவது வூட்டுக்கு எடுத்துனு போன்னாரு. அவரு நெசமாவே செத்த சேதி சொல்ல வந்தப்ப எங்க ஆயாவால அழவும் முடியல. ஏற்கெனவே அழுது முடிச்ச சாவுடா அது.

தமிழ்வேந்தன்: அப்பா... எவ்ளோ வருசம் இத உள்ளயே வெச்சினு...

கோவிந்தசாமி: யாராண்ட சொல்றது?

தமிழ்வேந்தன்: சொல்லல, சரி. எல்லாம் தெரிஞ்சும் நீயே தலைவரா இருந்துனு, செத்தவங்க வரிசையில ஏம்பா அவர் பேரப் போடச் சொன்ன?

கோவிந்தசாமி: உசுரோட வந்தவர ஏரிக்கரைய தாண்ட வுடலியேடா இந்த ஊரு. செத்துட்டாருன்னு சொன்னாத்தான் மேளம் வெச்சி, மால போட்டு, உள்ள கூட்டினு வருவாங்க. அவர ஊருக்குள்ள கொண்டாற வேற வழி எனக்குத் தெரியல.